புத்தகமும் இலவசம்! பாடமும் இலவசம்! நம் பிள்ளைக்குக் கணக்கு மட்டும் ஏன் வரவில்லை?

(மஹல்லா பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது)

   

கல்வியைப் பற்றிப் பேச யார் மேடை ஏறினாலும் கல்வியின் சிறப்பைச் சொல்கிறோம். பழைய பெருமைகளை அடுக்குகிறோம். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். கூட்டம் கலைகிறது. மறுநாள் காலையில் பிள்ளையின் புத்தகப்பை அதே இடத்தில் கிடக்கிறது. எனவே இன்று சிறப்புகளைப் பேசப் போவதில்லை. இரண்டே பாடங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒன்று கணக்கு. மற்றொன்று அறிவியல்.

ஏன் இந்த இரண்டு? பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பதினோராம் வகுப்பில் எந்தக் குரூப் எடுக்கிறது என்பதில் அதன் பாதி வாழ்க்கை முடிவாகி விடுகிறது. "ஹஸ்ரத், அவனுக்குக் கணக்கு வராது. அதனால் முதல் குரூப் வேண்டாம் என்று சொல்லி விட்டோம்" என்று எத்தனை பெற்றோர் சொல்கிறார்கள்! "டியூஷனுக்குக் கட்ட வசதி இல்லை. பெண் பிள்ளைதானே, பத்தோடு போதும்" என்று எத்தனை உம்மாமார் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள்! வணிகவியல் படிப்பதும் கைத்தொழில் கற்பதும் குறைவான காரியமல்ல. விரும்பி எடுத்தால் நல்லது. ஆனால் கணக்குக்குப் பயந்து எடுப்பதும், விரும்பி எடுப்பதும் ஒன்றாகுமா? சிந்தித்துப் பாருங்கள்!

நம் வாசலில் நிற்கிறது விஞ்ஞானம்

நம் திருநெல்வேலிச் சீமையைச் சுற்றிப் பாருங்கள். தெற்கே மகேந்திரகிரியின் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் என்ஜின்களும் கிரையோஜெனிக் என்ஜின்களும் அங்கேதான் சோதிக்கப்படுகின்றன. கூடங்குளத்தில் தலா ஆயிரம் மெகாவாட் திறன் கொண்ட இரண்டு அணு உலைகள் மின்சாரம் தருகின்றன. கிருஷ்ணாபுரத்தில் பூமியின் காந்தப் புலத்தையும் வான்மண்டலத்தையும் ஆராயும் மத்திய அரசின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் அமைந்திருப்பதால்தான் அந்த ஆய்வுக்கூடத்திற்கு நம் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இவை எல்லாம் நாம் பஸ் ஏறிப் போய் வரும் தூரம்! அந்த வாசல்களுக்குள் நம் பிள்ளைகள் என்னவாக நுழையப் போகிறார்கள்? சுவர் கட்டும் சித்தாளாகவா? சோதனைக் கருவியின் முன் உட்காரும் விஞ்ஞானியாகவா? இரண்டு வேலையிலும் வியர்வை உண்டு. ஆனால் இரண்டாவது வேலைக்குக் கணக்கு வேண்டும்.

முடியாது என்பவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்கிறேன். நிகார் ஷாஜி! குற்றாலச் சாரல் விழும் செங்கோட்டைதான் அவர் ஊர். பள்ளிப் படிப்பு சொந்த ஊரில். பொறியியல் படிப்பு நம் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில். 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2023 செப்டம்பர் 2ஆம் நாள் சூரியனை ஆராய விண்ணில் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் அவர். 2024 ஜனவரி 6ஆம் நாள் அந்த விண்கலம் பூமியிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தனக்குரிய இடத்தில் போய் நின்றது.

அவருடைய தந்தை கணிதம் படித்துவிட்டு விவசாயத்துக்கு வந்தவர். அதாவது வீட்டிலேயே கணக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். நான் சொல்லப் போகும் விஷயத்துக்கு இதுதான் ஆணிவேர்.

இலவசம் பிச்சை அல்ல, நீங்கள் கட்டிய பணம்!

நம் மக்களிடம் ஒரு நோய் இருக்கிறது. காசு கொடுத்தால்தான் அது நல்ல சரக்கு, சும்மா கிடைத்தால் மட்டச் சரக்கு என்ற எண்ணம். இலவசப் பாடப்புத்தகம் என்றால் அலட்சியம். அதே புத்தகத்திலிருந்து கேள்வி எடுத்து ஒருவர் கைடு போட்டு விற்றால், கடன் வாங்கி அதை வாங்குகிறோம்!

உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் அதற்காகக் கட்டுகிறோம். 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் வந்தது முதலில் இங்கேதான். அதற்குப் பாடுபட்டவர் எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் யார் தெரியுமா? நூலகத்துக்கு வருவதற்கு முன்னால் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தியவர்!

நூலகத்துக்கு நீங்கள் பணம் கட்டிவிட்டீர்கள். பாடப்புத்தகத்துக்கும் உங்கள் வரியில் பங்கு இருக்கிறது. கடையில் சோப்பு வாங்கும்போதும் வரி கட்டுகிறீர்கள். காசையும் கொடுத்துவிட்டுப் பொருளை எடுக்காமல் வருகிறவனை ஊரில் என்னவென்று சொல்வார்கள்?

என்னென்ன இருக்கிறது? எதை முதலில் எடுப்பது?

முதலாவது, பாடப்புத்தகம். அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது கைக்கே வருகிறது. தனியார் பள்ளிப் பிள்ளையாக இருந்தாலும், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அனைத்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கைப்பேசியில் காசில்லாமல் இறக்கிக் கொள்ளலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கு வரவில்லையா? ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுங்கள். வெட்கம் வேண்டாம். கணக்கு என்பது மாடிப்படி. நடுவில் இரண்டு படி இல்லாமல் மேலே ஏற முடியாது. "கணக்கு வராது" என்று சொல்லப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு விடுபட்டது மூளை அல்ல, படி!

இரண்டாவது, அந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கும் சதுரம். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகக் கியூஆர் குறியீடு அச்சிட்டிருக்கிறார்கள். கைப்பேசியில் தீக்ஷா செயலியைத் திறந்து அதன் மேல் காட்டினால் அந்தப் பாடத்துக்குரிய காணொளி, பயிற்சி என்று விரியும்.

மூன்றாவது, கல்வித் தொலைக்காட்சி. 2019 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கியது. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது வீட்டுக்குள் பாடம் வந்தது அதன் வழியாகத்தான். ஆசிரியர்கள் தமிழில் நடத்திய பாடங்கள் யூடியூபில் கிடக்கின்றன. புரியாத இடத்தில் நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், பத்துத் தடவை கேட்கலாம். எந்த ஆசிரியரிடம் பத்துத் தடவை கேட்க முடியும்?

நான்காவது, அறிவியலைக் கையால் செய்து பார்ப்பது. கொக்கிரகுளத்தில் தாமிரபரணிக் கரையில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. சிறு கட்டணம்தான். ஆற்றில் குளிக்கக் கூட்டிப் போகும் பிள்ளையை அங்கேயும் ஒரு நாள் கூட்டிப் போனால் என்ன? அதுவும் முடியாதவர்களுக்கு அரவிந்த் குப்தா இருக்கிறார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய செய்தித்தாள், தண்ணீர் பாட்டில் என்று தூக்கி எறியும் பொருள்களை வைத்து அறிவியல் பொம்மை செய்யக் கற்றுக் கொடுப்பவர். தம்முடைய நூல்களையும் காணொளிகளையும் இணையத்தில் எல்லாருக்கும் சும்மா கொடுத்திருக்கிறார். தமிழிலும் உண்டு.

ஐந்தாவது, கல்லூரிப் பிள்ளைகளுக்கு என்.பி.டி.இ.எல். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. ஐ.ஐ.டி. பேராசிரியர் வகுப்பில் நடத்தும் பாடத்தை ஏர்வாடியில் உட்கார்ந்து கேட்கலாம். கேட்பதற்குக் காசு இல்லை. சான்றிதழுக்குத் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்து வைத்து உட்காராதீர்கள். முதலில் பாடப்புத்தகம். அதில் தடுக்கினால் காணொளி. மற்றவை பிறகு.

அப்படியானால் ஏன் வரவில்லை?

இப்போது நீங்கள் கேட்பீர்கள். இவ்வளவும் இருந்தும் நம் பிள்ளைக்கு ஏன் கணக்கு வரவில்லை?

சகோதரர்களே! கிணறு இருக்கிறது. கயிறும் வாளியும் இருக்கின்றன. இறைப்பதற்கு ஆள் இல்லை. புத்தகம் தானாகப் பேசாது. காணொளி பேசும், ஆனால் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்க்காது. பிள்ளை எங்கே தப்பு விட்டது என்று அதற்குத் தெரியாது. பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். அவர் பெரிய மேதையாக இருக்கத் தேவையில்லை. பிள்ளையை விட இரண்டு வகுப்பு முன்னால் இருந்தால் போதும்.

உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் கான் அகாடமி எப்படிப் பிறந்தது? சல்மான் கான் என்பவர் (நடிகர் அல்ல!) அமெரிக்காவில் பிறந்தவர், வங்காளப் பூர்வீகம். 2004இல் அவருடைய உறவுக்காரச் சிறுமி நாதியாவுக்குக் கணக்கு வரவில்லை. அவள் ஓர் ஊரில், இவர் ஓர் ஊரில். வேலை முடிந்து வந்து தொலைபேசி வழியாகச் சொல்லிக் கொடுத்தார். மற்ற உறவுக்காரப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் நேரம் ஒதுக்க முடியாமல் 2006இல் காணொளியாகப் பதிந்து யூடியூபில் போட்டார். அது வளர்ந்து 2008இல் இலாப நோக்கமற்ற நிறுவனமானது. ஆரம்பம் என்ன? ஒரு காக்கா தன் தங்கச்சிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அவ்வளவுதான்! நம் குடும்பங்களில் காக்காமார் இல்லையா? லாத்தாமார் இல்லையா?

டாக்டர் அப்துல் கலாம் தம் சிறுவயதைப் பற்றிப் பல உரைகளில் சொல்லியிருக்கிறார். ராமேஸ்வரத்தில் ஒரு கணக்கு ஆசிரியர் ஆண்டுதோறும் ஐந்து மாணவர்களுக்குக் காசு வாங்காமல் பாடம் நடத்துவார். விடியுமுன் குளித்துவிட்டு வர வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. விடியலுக்கு முன்பே உம்மா எழுப்பி அனுப்புவார். பாடம் முடிந்து வந்ததும் வாப்பா தொழுகைக்கும் ஓதும் பள்ளிக்கும் அழைத்துப் போவார். இங்கே கவனிக்க வேண்டியது கலாமின் மூளையை மட்டுமல்ல. எழுப்பிய உம்மா, காத்திருந்த வாப்பா, காசு வாங்காத ஆசிரியர் என்று மூன்று பேர் அந்தச் சிறுவனைச் சுற்றி நின்றார்கள். நம் பிள்ளையைச் சுற்றி யார் நிற்கிறார்கள்?

ஓதுகிற பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?

சில பெரியவர்கள் கேட்பதுண்டு. "ஓதுகிற இடத்தில் கணக்கு எதற்கு ஹஸ்ரத்?" அவர்களுக்காக மதரஸாவின் பாடத்திலிருந்தே ஒரு கணக்கு.

ஒருவர் இறந்து போகிறார். மனைவி, இரண்டு பெண் மக்கள், தாய், தந்தை இருக்கிறார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று. பெண் மக்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தாய்க்கு ஆறில் ஒன்று. தந்தைக்கும் ஆறில் ஒன்று. சொத்தை 24 பங்காக்கினால் 3, 16, 4, 4. கூட்டிப் பாருங்கள். 27 வருகிறது! இருப்பது 24, கொடுக்க வேண்டியது 27. என்ன செய்வது? பங்கையே 27 ஆக்கி, எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் குறைத்துக் கொடுப்பது. அப்போது மனைவியின் எட்டில் ஒன்று, 27இல் 3, அதாவது ஒன்பதில் ஒன்றாகி விடுகிறது. அலி (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே இந்தக் கேள்விக்கு விடை சொன்னதாகக் கிதாபுகளில் வருகிறது. அதனால்தான் இதற்கு மிம்பரிய்யா என்று பெயர்.

27 லட்ச ரூபாய் சொத்து என்றால் மனைவிக்கு 3 லட்சம், பெண் மக்களுக்கு ஆளுக்கு 8 லட்சம், தாய்க்கும் தந்தைக்கும் 4 லட்சம் வீதம். பின்னம் தெரியாதவன் பாகம் பிரிக்க உட்கார்ந்தால் ஒரு விதவையின் உரிமை போகும். யத்தீம் பிள்ளையின் காசு போகும். கணக்கு வெறும் மார்க்கு விஷயம் அல்ல, நீதி விஷயம்!

இயற்கணிதத்தை ஆங்கிலத்தில் அல்ஜீப்ரா என்கிறார்கள். பாக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் உள்ள 'அல்ஜப்ர்' என்ற சொல்தான் அது. அந்த நூலில் ஒரு பெரும்பகுதி பாகப்பிரிவினைக் கணக்கு. இந்தியாவில் பிறந்த எண்களைப் பற்றியும் அவர் எழுதினார். அந்த நூல் வழியாக நம் நாட்டு எண்கள் ஐரோப்பாவுக்குப் போயின. அறிவு எந்த ஊருக்கும் சொந்தமல்ல, கற்றவனுக்கே சொந்தம் என்பதற்காகச் சொல்கிறேன். பெருமை பேச அல்ல.

மஹல்லா என்ன செய்யலாம்?

மேலப்பாளையம் ஆகட்டும், பேட்டை ஆகட்டும், பத்தமடை ஆகட்டும், கடையநல்லூர் ஆகட்டும். பள்ளிவாசலை ஒட்டி மதரஸாக் கட்டடம் இருக்கிறது. மின்விசிறி, விளக்கு, பாய் எல்லாம் இருக்கின்றன. ஓதும் நேரம் போக மீதி நேரம் பூட்டிக் கிடக்கிறது.

அதைத் தினமும் ஒரு மணி நேரம் திறந்து விடுங்கள். ஒரு டி.வி. போதும். பாடங்களைப் பென் டிரைவில் ஏற்றி ஓட்டலாம். ஆளுக்கொரு கைப்பேசி வேண்டாம். கைப்பேசி பிள்ளையைக் கெடுத்து விடும் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது, நியாயமான பயம். அதற்கு மருந்து பாடத்தை நிறுத்துவதல்ல. எல்லார் கண்ணெதிரிலும் ஒரே திரையில் பார்க்க வைப்பது. ஒரு அலமாரியில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை பாடப்புத்தகங்களை அடுக்குங்கள். மேல் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளிடம் பழைய புத்தகத்தைக் கேட்டு வாங்கினாலே அலமாரி நிறைந்து விடும்.

சொல்லிக் கொடுக்க யார்? சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியிலும் மற்றக் கல்லூரிகளிலும் கணிதமும் இயற்பியலும் படிக்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். பட்டம் முடித்துத் திருமணமாகி வீட்டில் இருக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்தச் சகோதரிகளின் வீட்டுத் திண்ணையே வகுப்பறை. 2021இல் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, தெருத்தெருவாகத் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் நடத்தினார்கள். தெருவில் முடியும் என்பதற்கு அது சாட்சி.

எப்படி நடத்துவது? ஹிப்ழு மதரஸாவைப் பாருங்கள். புதுப் பாடம், நேற்றைய பாடம், பழைய பாடம் மூன்றையும் தினமும் ஒப்புவிக்காமல் எந்தப் பிள்ளையாவது ஹாஃபிழ் ஆனதுண்டா? கணக்குக்கும் அதே வழிதான். பத்து நிமிடம் காணொளி. பிறகு திரையை அணைத்து விடுங்கள். அரைமணி நேரம் பிள்ளை தன் கையால் போட வேண்டும். இன்றைய கணக்கு ஐந்து, நேற்றையது மூன்று, போன மாதத்தது இரண்டு. மீதி நேரத்தில் ஒரு பிள்ளை எழுந்து கரும்பலகையில் மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். பார்த்தால் கணக்கு வராது. போட்டால்தான் வரும்.

எழுதப் படிக்கத் தெரியாத உம்மா என்ன செய்வது? தாயே! கட்டுக்கு 25 என்று 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம் பீடி என்பது உங்களுக்கு விரல் நுனியில் இருக்கிறது. பீடிக்கடையில் கழித்துக்கொண்டது போக எவ்வளவு வர வேண்டும் என்று மனதிலேயே போடுகிறீர்கள். உங்களுக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது? "இன்றைக்கு என்ன கணக்குப் போட்டாய்? எனக்குச் சொல்லிக் காட்டு" என்று பிள்ளையிடம் கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்ல முயலும்போதே பிள்ளைக்குப் புரிந்து விடும்.

இட ஒதுக்கீடும் கணக்குப் புத்தகமும்

நம் சமுதாயம் போராடியது. 2007இல் தமிழகத்தில் 3.5 சதவீத இட ஒதுக்கீடு கிடைத்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத முன்னுரிமை 2020இல் வந்தது. 2021இல் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. நல்லது. ஆனால் கதவைத் திறந்து வைத்தால் போதுமா? உள்ளே நுழையப் பிள்ளை வேண்டாமா? பதினோராம் வகுப்பில் கணக்கையும் அறிவியலையும் விட்டுவிட்ட பிள்ளைக்கு அந்தப் பொறியியல் இடத்தால் என்ன பயன்? போராடுவது தலைவர்களின் வேலை என்றால், பிள்ளையைப் பாயில் உட்கார வைப்பது நம் ஒவ்வொருவரின் வேலை.

எனவே வாசகர்களே! இதைப் படித்து முடித்ததும் மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதுங்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடிய இரண்டு பேரின் பெயரை அதற்குக் கீழே எழுதுங்கள். அந்தத் தாளை வெள்ளிக்கிழமை ஜமாஅத் நிர்வாகியின் கையில் கொடுத்து, மதரஸாவின் சாவியைக் கேளுங்கள்.

நாளை, நாளை என்று தள்ளாதீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பில் இருக்காது. இன்ஷா அல்லாஹ், அடுத்த கூட்டத்துக்கு நான் வரும்போது கைதட்டு வேண்டாம். பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைக் கொண்டு வந்து காட்டுங்கள். வஸ்ஸலாம்.